மூத்த மாணவிகளின் விளையாட்டும் வெளிக்களச் செயற்பாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் பத்தாம் தரத்திலிருந்து உயர்தரம் வரையான பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்துக்கொள்பவள் நான். தவணைக்கு ஒருமுறை பெற்றோர் கூட்டம் வைத்தால் எழும் சந்தேகங்கள் எப்போதும் ஒன்றுதான். கூட்டத்தில் கேட்கத் தயங்குபவர்கள் வாசலில் பிடித்துக் கேட்பார்கள். பிள்ளைகள் பந்து எடுக்க வருவதுபோல் வந்து கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ரீச்சர், உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு? இரண்டு வருடம்தானே, பிறகு விளையாடட்டும்.

பிறகு எங்கே விளையாடுவது? பாடசாலையை விட்டு வெளியேறிய பெண்ணுக்கு இந்த நகரத்தில் இலவசமாக ஒரு வலைப்பந்தாட்டத் திடலும், சேர்ந்து ஆட ஆறு தோழிகளும், விசில் ஊத ஓர் ஆசிரியையும் கிடைப்பது அரிது. இருபது வயதில் புதிதாகத் தொடங்கியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

5 முதல் 17 வயது வரையானவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாட்களாவது எலும்பையும் தசையையும் வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நிறுவனம் 2016ஆம் ஆண்டின் தரவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, உலகில் 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 85 வீதமானோர் அந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் அது 78 வீதம். வளர்ந்த பெண்ணின் எலும்புப் பலத்தில் பெரும்பகுதி பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. நீங்கள் ஒத்திவைக்கச் சொல்லும் இரண்டு வருடம் அந்தக் கணக்கின் கடைசி இரண்டு வருடம்.

ஓடினால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கூடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. காலை ஏழரை முதல் ஒன்றரை வரை கதிரையில் இருந்து, மூன்று மணிக்குத் தனியார் வகுப்பில் இன்னொரு கதிரைக்குப் போய், இரவில் மேசைக்கு முன் அமரும் பிள்ளைக்கு நல்ல தூக்கமும் வலியில்லாத முதுகும் வேண்டும். விளையாட்டு அதைத் தரும் என்று மட்டும் சொல்வேன்.

அதற்குத்தான் உடற்கல்விப் பாடவேளை இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை சுகாதாரமும் உடற்கல்வியும் எல்லோருக்கும் உண்டு. சாதாரண தரத்தில் அது தெரிவுப் பாடம். தகவல் தொழில்நுட்பமோ மனையியலோ எடுத்த பிள்ளை அந்தப் பக்கமே வருவதில்லை. உயர்தர வகுப்புகளுக்கு எங்களிடம் வாரத்துக்கு ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம். உடை மாற்றப் பத்து, திரும்பி வரப் பத்து. மிச்சம் இருபது நிமிடத்தையும் பௌதிகவியல் ஆசிரியர் கடன் கேட்டால் கதை முடிந்தது. (அவர் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.)

வான் ஒன்றே முக்காலுக்குப் புறப்பட்டுவிடும். பயிற்சிக்கு நின்றால் எப்படி வீட்டுக்கு வருவாள்?

எல்லாப் பெற்றோரும் பரீட்சையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கொஞ்சம் கிளறினால் வான்தான் வெளியே வரும். வாரத்தில் ஐந்து நாளும் பயிற்சி என்றால் வான்காரருடன் சண்டை. இரண்டு நாள், அதுவும் தவணை முழுக்க மாறாத இரண்டு நாள் என்றால் ஏற்பாடு செய்யலாம். அதனால்தான் மூத்த பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வியாழனும் இரண்டு மணி முதல் மூன்றரை வரை என்று நிறுத்திவைத்திருக்கிறோம். போட்டிக்காலத்திலும் அதை மாற்றுவதில்லை. கூடுதல் பயிற்சி சனிக்கிழமைக் காலையில்தான்.

தவணைத் தொடக்கத்தில் பிள்ளைகளை இருப்பிடப்படி பிரித்து ஒரு தாளில் எழுதுகிறோம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்தால் காலி வீதியில் 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் போகலாம். தனியே ஒருத்தியை அனுப்புவதில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் போகும் மூவர் ஒரு முச்சக்கரவண்டியைப் பேசிக்கொள்கிறார்கள். வத்தளைப் பிள்ளைகளுக்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. அவர்களில் இருவர் அப்பா அலுவலகம் முடிந்து வரும்வரை நூலகத்தில் இருந்து படிக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் வீட்டுப்பாடம் முடிகிறது என்று அவர்களே சொல்கிறார்கள்.

வெயிலில் நின்று கறுத்துவிட்டாள், ரீச்சர். நாளைக்கு ஒரு நல்லது கெட்டது வரும்போது என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நான் பொறுமையாகப் பதில் சொல்லப் பழகுவதற்குள் எனக்கே நரை வந்துவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளையின் முன்னால் அவளுடைய நிறத்தைப் பற்றி வருங்கால மாமியாரின் வாயால் பேசாதீர்கள். அவள் அடுத்த நாள் பயிற்சிக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் வெயிலாக இருக்காது.

வெயிலில் கவனிக்க வேண்டியது வேறு. கொழும்பின் வெப்பம் முப்பது பாகையைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, உடல் ஆறாது. விடுமுறை முடிந்து வரும் பிள்ளைக்கு உடல் வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் வேண்டும். முதல் நாளே முழு ஓட்டம் கொடுக்கக்கூடாது. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் திடலுக்கு வரக்கூடாது. நீண்ட பயிற்சி நாளில் ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைத் தூளைத் தண்ணீரில் கரைத்து வைத்திருப்போம். தலைசுற்றல், வாந்தி என்றால் நிழலில் கிடத்தித் தண்ணீர் கொடுக்கலாம். பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு: உடனே உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. தொப்பி, முழுக்கைச் சட்டை, சூரியத் தடுப்புக் களிம்பு எதற்கும் தடையில்லை.

மிஸ், அந்த நாட்களில் விளையாடலாமா? அம்மா ஓடக்கூடாது என்கிறார்.

விளையாடலாம். மாதவிடாயின்போது ஓடுவதாலோ பாய்வதாலோ கர்ப்பப்பைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. பலருக்கு மெல்லிய உடற்பயிற்சி வயிற்று வலியைக் குறைக்கிறது. விருப்பமில்லை என்றால் உட்காரவும் செய்யலாம். அதற்குக் கடிதம் தேவையில்லை, காரணமும் தேவையில்லை. “இன்றைக்குப் புள்ளி எழுதுகிறேன், மிஸ்” என்றால் எனக்குப் புரியும்.

விளையாட்டு அறை அலுமாரியில், ஆட்ட நிலை எழுத்துப் போட்ட மேலங்கிகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது. உள்ளே அணையாடைகள், இரண்டு கருநீலக் காற்சட்டைகள், ஒரு பொதி செய்தித்தாள். எடுப்பவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. தகரம் பாதியானால் மாணவத் தலைவிகள் நிரப்பிவிடுவார்கள். இந்தத் தகரம் வந்தபிறகு “வயிற்று வலி” என்று வராமல் நின்றவர்கள் குறைந்துபோனார்கள்.

இன்னொன்றையும் அம்மாமார் தெரிந்துகொள்ள வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்து, சாப்பாட்டைக் குறைத்து, மூன்று மாதமாக மாதவிடாயே வரவில்லை என்றால் அதை “நல்லதாய்ப் போயிற்று” என்று விடக்கூடாது. உடலுக்குச் சக்தி போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம், எலும்பு பலவீனப்படும். வைத்தியரிடம் காட்டுங்கள்.

கட்டைக் காற்சட்டை போட வேண்டுமா? எங்கள் வீட்டில் விடமாட்டார்கள்.

வேண்டாம். பயிற்சிக்கு நீளக் காற்சட்டையும் தளர்ந்த சட்டையும் போதும். போட்டியில் பாவாடைக்குள் முழங்கால்வரை இறுக்கமான கருப்புக் காற்சட்டை போடுகிறோம். முஸ்லிம் பிள்ளைகள் தலையை மூடி ஆடுகிறார்கள். ஊசி குத்தாமல், கழுத்தில் சுற்றித் தொங்காமல் இழுத்துப் பிடிக்கும் துணியாக இருந்தால் சரி. சர்வதேசக் காற்பந்தாட்டத்தில் 2014இலும் கூடைப்பந்தாட்டத்தில் 2017இலும் தலைமறைப்புக்கு அனுமதி வந்துவிட்டது. அவர்கள் விட்டதை நாங்கள் தடுக்க முடியாது.

சப்பாத்துக்கு யோசிக்காமல் காசு செலவழிக்கும் பெற்றோர், விளையாட்டுக்கான உள்ளாடையை வாங்குவதேயில்லை. பல பிள்ளைகள் ஓட மறுப்பதற்கு அதுதான் உண்மையான காரணம். கடைத்தெருவுக்குப் போகும் நாளில் அதையும் பட்டியலில் சேருங்கள்.

எனக்கு ஓடவே வராது, மிஸ். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

பரவாயில்லை, உனக்கும் இடம் இருக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் நூறு மீற்றரும் அஞ்சலோட்டமும் மட்டும் என்று நினைக்காதே. அணிநடை, உடற்பயிற்சிக் காட்சி, குண்டு போடுதல் எல்லாம் இருக்கின்றன. குண்டு போடுதலுக்கு எப்போதும் ஆள் பஞ்சம். வேகமே இல்லாத பிள்ளைகள் அதில் வலய மட்டம்வரை போயிருக்கிறார்கள். பந்துக்குப் பயம் என்றால் சுவரில் அடித்துத் தனியாகப் பிடிக்கப் பழகலாம். அதை யாரும் பார்க்காத நேரத்தில் செய்ய இடம் தருவேன்.

சதுரங்கமும் கரமும் விளையாட்டுத்தான், பதக்கமும் உண்டு. ஆனால் மேலே சொன்ன அறுபது நிமிடக் கணக்கில் அவற்றைச் சேர்க்க முடியாது.

மகள் சரியான உயரம். வெட்கத்தில் கூனிக் கூனி நடக்கிறாள். ஏதாவது சொல்லுங்கள்.

வலைப்பந்தாட்ட வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரம். அவரைக் கொண்ட இலங்கை அணி 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றது. ஊரே திரும்பிப் பார்த்த உயரம்தான் அவரை உலகக் கிண்ணம்வரை கொண்டுபோனது. மகளிடம் இதைச் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குட்டையான பிள்ளைகளும் இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். நடு நிலையில் ஆடுபவர் இரண்டு கோல் வட்டங்களையும் தவிர திடல் முழுக்க ஓடலாம். அங்கே வேண்டியது நெஞ்சுரமும் விரைவான கண்ணும். பந்தை மூன்று விநாடிக்கு மேல் யாரும் வைத்திருக்க முடியாது என்பதால் இது உயரத்தைவிடத் தலையால் ஆடும் ஆட்டம்.

முழங்கால் முறிந்தால் பரீட்சைக்கு எப்படிப் போவாள்?

நியாயமான பயம். வலைப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் போன்ற பாய்ந்து திரும்பும் ஆட்டங்களில் முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார் (ACL) கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். யாரும் இடிக்காமலேயே, பாய்ந்து தரையில் கால் வைக்கும்போது முழங்கால் உள்நோக்கி மடங்குவதால்தான் அது பெரும்பாலும் நடக்கிறது. அதைப் பழக்கத்தால் குறைக்கலாம். ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் பதினைந்து நிமிடம் பந்தே கிடையாது: படியிலிருந்து குதித்து இறங்குவது, முழங்கால் பாத விரலுக்கு நேராக நிற்கிறதா என்று தோழி பார்ப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, தொடைப் பின்தசைக்கு வலுவேற்றுவது. பிள்ளைகளுக்கு இது சலிப்பு. முணுமுணுத்துக்கொண்டு செய்கிறார்கள்.

சுளுக்கினால் முதல் இரண்டு நாளும் சூடான எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். ஐஸ் ஒத்தடம், கட்டு, காலை உயர்த்தி வைப்பது போதும். “டக்” என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கி, கால் ஊன்ற முடியவில்லை என்றால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். சித்தாலேப்ப தைலம் வீட்டிலேயே இருக்கட்டும். அரசாங்கத்தின் சுரக்ஷா மாணவர் காப்புறுதியின் விதிகள் இடையிடையே மாறியிருக்கின்றன. இப்போது எது கிடைக்கும் என்று பாடசாலை அலுவலகத்தில் கேளுங்கள், பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள்.

கொஞ்சம் ஓடினாலே களைக்கிறாள். சோம்பலா?

சோம்பல் என்று முடிவு கட்டுமுன் இரத்தத்தைச் சோதியுங்கள். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இந்த வயதுப் பெண் பிள்ளைக்கு அது இரத்தச்சோகை. நெத்தலி, ஈரல், கௌபி, கீரை வகைகளுடன் தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். நம் வீடுகளில் சோறு சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கிறது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். இரும்பு மாத்திரையை வைத்தியர் சொன்னால் மட்டும் கொடுங்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் போன்ற வேறு காரணமும் இருக்கக்கூடும்.

மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். பயமில்லையா?

நாம் மரதன் என்று சொல்வது ஐந்தாறு கிலோமீற்றர். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். தூரம் சிறியது என்பதற்காக அலட்சியம் வேண்டாம். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்களிடம் மூன்று நிபந்தனை: வைத்தியச் சான்றிதழ், ஆறு வாரப் பயிற்சி, காலை ஆறரைக்குள் தொடக்கம். ஓடும்போது மயங்கிய அனுபவமோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணமோ இருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலோடு யாரும் ஓடக்கூடாது, இல்லத்துக்கு எத்தனை புள்ளி போனாலும்.

இரவு தங்கும் பயணத்துக்குப் பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?

முதலில் பகல் பயணத்துக்கு அனுப்புங்கள். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்த ஈரநிலத்தைப் பார்க்காமலே இங்கே வளரும் பிள்ளைகள்தான் அதிகம். பெத்தகான பூங்காவிலும் தலவத்துகொடையில் உள்ள தியசரு பூங்காவிலும் அரை நாள் நடந்து, பறவைகளைக் குறித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அடுத்தது ஹோட்டன் சமவெளி. உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றி வர ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், போத்தலில் ஒட்டியிருக்கும் பொலித்தீன் லேபலைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். அதனால் மாரி பிஸ்கட்டை வீட்டிலேயே டப்பாவில் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

தங்கும் முகாம் என்றால் அதற்கு ஒழுங்கு உண்டு. 1917இல் கண்டியில் தொடங்கிய பெண் சாரணியம் நூறு வருடத்துக்கும் மேலாக இந்நாட்டில் பெண் பிள்ளைகளைக் கூடாரத்தில் தங்கவைத்து வருகிறது. இளையோருக்கான எடின்பரோ கோமகன் சர்வதேச விருதுத் திட்டத்தில் வெண்கலத்துக்கு ஓர் இரவு, வெள்ளிக்கு இரண்டு, தங்கத்துக்கு மூன்று இரவு வெளிக்களப் பயணம் கட்டாயம். 14 வயதில் சேரலாம். அனுப்புமுன் பாடசாலையிடம் இவற்றைக் கேளுங்கள்: மேலிட அனுமதி எழுத்தில் இருக்கிறதா, எத்தனை பெண் ஆசிரியைகள் கூடத் தங்குகிறார்கள், கழிவறை எங்கே, பஸ் சாரதி இரவில் தூங்கினாரா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அட்டைக்குப் பயம் என்றால் காலுறைக்கு வெளியே சவர்க்காரத்தைப் பூசினால் போதும்.

வெள்ளவத்தைக் கடலில் நீந்தப் பழகலாமா?

கூடாது. தண்டவாளத்தைக் கடந்து இறங்கும் அந்தக் கரையில் நீரோட்டம் உண்டு, காவலர் இல்லை. மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் இன்னும் மூர்க்கம். நீச்சலைத் தடாகத்தில், பெண் பயிற்றுநரிடம் பழகுங்கள். தீவில் வாழும் பிள்ளைக்கு நீந்தத் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

மழை, இடி, புகை என்றால் எப்போது நிறுத்துவீர்கள்?

மழைக்கு நிறுத்துவதில்லை, இடிக்கு நிறுத்துவோம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிதான் பெரிய ஆபத்து. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே முப்பது எண்ணுமுன் சத்தம் வந்தால் எல்லோரும் உள்ளே. கடைசி முழக்கத்திலிருந்து முப்பது நிமிடம் கழித்தே வெளியே. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குக் காற்று தூசியையும் புகையையும் கொண்டுவருகிறது. 2022 டிசம்பரில் அதனால் பாடசாலைகளே மூடப்பட்டன. அப்படியான நாளில் ஓட்டம் இல்லை, மண்டபத்தில் யோகாசனம். இழுப்பு உள்ள பிள்ளை தன் மருந்துக் குழலை வகுப்பறையில் விட்டுவிட்டு வரக்கூடாது.

சான்றிதழ் பல்கலைக்கழகத்துக்கு உதவுமா?

தேசிய, சர்வதேச மட்டச் சாதனை இருந்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்; உயர்தரத்தில் தேவையான சித்திகளும் இருக்க வேண்டும். அந்தந்த ஆண்டுக் கைந்நூலைப் பாருங்கள். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியிலும் விளையாட்டு விஞ்ஞானத்திலும் பட்டப்படிப்பு இருக்கிறது; தேசிய கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்வி ஆசிரியராகலாம். வலய மட்டச் சான்றிதழ் ஒன்றுக்காக மட்டும் பிள்ளையை ஓடவைக்காதீர்கள். அதற்கு அவ்வளவு விலை இல்லை.

பயிற்றுநர் ஆண். தோளைப் பிடித்துத் திருத்துகிறார். சொன்னால் என்னை அணியிலிருந்து எடுத்துவிடுவார்களா?

எடுக்க முடியாது. உடலைத் தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்க வேண்டும், நீ “வேண்டாம்” என்றால் வாயால் சொல்லித் தர வேண்டும். ஆண் பயிற்றுநர் இருக்கும்போது ஓர் ஆசிரியையும் திடலில் இருக்க வேண்டும். தனியறையில் பயிற்சி இல்லை, தனிப்பட்ட குறுஞ்செய்தியும் இல்லை. இதில் எது மீறப்பட்டாலும் என்னிடமோ, அதிபரிடமோ, வீட்டிலோ சொல். யாரும் காது கொடுக்கவில்லை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழை. எந்தக் கிண்ணமும் இதைவிடப் பெரிதில்லை.

மிஸ், அப்பாவுக்குச் சொல்லாமல் பயிற்சிக்கு வரட்டுமா?

வராதே. விழுந்தால் முதல் அழைப்பு வீட்டுக்குத்தான் போகும்; அன்றோடு உன் விளையாட்டு நின்றுவிடும். அப்பாவை ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டி வா. இந்தக் கேள்விகளில் அவருடையது எது என்று பார்த்துக்கொள்வோம்.

பரீட்சைக்கு எவ்வளவு காலத்துக்கு முன் நிறுத்த வேண்டும்?

போட்டிகளைக் கடைசித் தவணையில் நிறுத்திவிடுகிறோம், அதில் எனக்கும் உடன்பாடுதான். பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, அளவைக் குறைத்தால் போதும். கடைசி இரண்டு மாதமும் செவ்வாய் மட்டும், முக்கால் மணி நேரம், விழும் ஆபத்துள்ள எதுவும் இல்லை. வீட்டில் இருந்து படிக்கும் விடுமுறை வந்தபின் மாலையில் அரை மணி நேரம் நடை. கூட யாராவது போக வேண்டும் என்றால் அம்மா போகலாம், அவருக்கும் நல்லது.